சவரன் காசில் குதிரை வீரனைச் செதுக்கியவர்

நகைக்கடையில் "இன்னிக்கு சவரன் என்ன விலை?" என்று கேட்கிறோமே, அந்தச் சொல் 'சாவரின்' என்ற இங்கிலாந்துத் தங்கக் காசின் பெயர். நாம் பவுன் என்பதும் அதைத்தான். அந்தக் காசின் எடை 7.98 கிராம். அதுவே நம் கணக்கில் 8 கிராம் ஆகிவிட்டது.

பழைய பவுன் காசைப் பார்த்தவர்களுக்கு, குதிரைமேல் அமர்ந்து டிராகனை வெட்ட வாளோங்கும் வீரன் நினைவிருக்கும். அவர் இங்கிலாந்தின் காவல் புனிதர் செயின்ட் ஜார்ஜ். ஆனால் அவரைச் செதுக்கியவர் இங்கிலாந்துக்காரர் அல்ல. பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர்.

1783-இல் ரோமில் பிறந்த இவருக்கு மணிக்கற்களில் உருவம் செதுக்குவதுதான் தொழில். 1815-இல் லண்டன் வந்தார். நாணயச் சாலைத் தலைவர் வெல்லஸ்லி போல் இவர் கைத்திறனைக் கண்டு வேலை கொடுத்தார். 1817-இல் குதிரை வீரனுடன் சாவரின் வெளிவந்தது.

அதே ஆண்டில் தலைமைச் செதுக்குநர் இறந்துபோக, அந்த வேலையையும் இவரே பார்த்தார். அயல்நாட்டவர் என்பதால் பதவியின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. பிறகு நான்காம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தை, வேறொரு சிற்பி செய்த சிலையைப் பார்த்து நகலெடுக்கச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டார். அதோடு நாணய வேலை கைவிட்டுப் போயிற்று. 1825-இல் குதிரை வீரனையும் காசிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1828-இல் தலைமைப் பதவி வில்லியம் வயனுக்குப் போனது. இவருக்குப் பதக்கங்கள் செய்யும் பொறுப்பு மட்டும் மிஞ்சியது.

அதிலும் ஒரு சோகம். நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூ போரின் நினைவாக, வென்ற நாடுகளின் தலைவர்களுக்குக் கொடுக்க ஒரு பெரிய பதக்கம் செய்யும் பணி 1819-இல் இவரிடம் வந்தது. அச்சுகளை முடித்துக் கொடுத்தது 1849-இல்! முப்பது ஆண்டுகளில் வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் அநேகமாக எல்லோரும் இறந்திருந்தார்கள். சுமார் ஐந்தே கால் அங்குல அகலமுள்ள அச்சைச் சூடேற்றிக் கடினப்படுத்தினால் வெடித்துவிடுமோ என்ற பயம் வேறு. கடைசியில் பதக்கம் அடிக்கப்படவே இல்லை.

1855-இல் பிஸ்ட்ரூச்சி காலமானார். 1871-இல் குதிரை வீரன் சாவரினுக்குத் திரும்பினான். அதைப் பார்க்க அவர் இல்லை.

1918-இல் பம்பாயிலேயே சுமார் 13 லட்சம் சாவரின்கள் அடித்தார்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு வலப்பக்கத்தில் 'பி.பி.' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் மிகப் பொடியாக இருக்கும். அவைதான் அவர் கையெழுத்து.