காட்டின் காவலும் கணக்கும்: உகண்டாவின் புவின்டி தேசியப் பூங்கா – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு காட்டைத் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்வதற்கு வர்த்தமானியின் ஒரு பக்கமே போதுமானது. அப்பிரகடனத்தை ஆண்டுதோறும் நடைமுறைப்படுத்துவதற்கோ காவலர் வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். காட்டோரத்து மக்களின் இசைவும் வேண்டும். இவற்றுக்கான பணம் எங்கிருந்து வருகின்றது, அதைப் பங்கிடும்போது யார் யார் கணக்கில் எடுக்கப்படுகின்றனர் என்னும் இரு வினாக்களும் பூங்காவொன்றின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதன. உகண்டாவின் தென்மேற்கு மூலையிலுள்ள புவின்டிக் காடு இதற்குத் தக்க சான்றாகும்.

ஏறத்தாழ 320 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இம்மலைக்காடு, உலகில் எஞ்சியுள்ள மலைக்கொரில்லாக்களில் ஏறக்குறைய அரைவாசிக்குப் புகலிடமாக விளங்குகின்றது. அதனைச் சூழவுள்ள பகுதியோ ஆபிரிக்கக் கிராமப்புறங்களுள் மிக நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களில் ஒன்று. சதுர கிலோமீற்றருக்கு இருநூறுக்கு மேற்பட்ட உழவர் வாழும் மேட்டுநிலம் காட்டின் விளிம்புவரை பயிரிடப்பட்டுள்ளது. பிரித்தானிய ஆட்சியாளர் 1932 இல் இக்காட்டை ஒதுக்குக்காடாக்கினர். சுதந்திர உகண்டா 1964 இல் இதனை விலங்குகளின் சரணாலயமாகவும் ஆக்கியது. எனினும் மரம் அரிவோரும் தேனெடுப்போரும் வேட்டையாடுவோரும் உள்ளே சென்றுவந்தனர். சட்டம் ஏட்டில் இருந்தது. அதனை நிறைவேற்றும் ஆளும் பணமும் போதியளவு இருக்கவில்லை.

1991 இல் புவின்டி தேசியப் பூங்காவாக்கப்பட்டதும் இந்நிலை மாறியது. விறகு, கொடி, மூலிகை, தேன் யாவும் ஒரே நாளில் சட்டவிரோதமாயின. மக்களின் சினம் காட்டுத் தீயாக வெளிப்பட்டது. பூங்காக் காவலருடன் மோதல்களும் ஏற்பட்டன. காவலால் மட்டும் காட்டைக் காக்க இயலாது என்பதைப் பரிபாலனத்தினர் விரைவிலேயே உணர்ந்தனர். அதன் விளைவாக, குறித்த சில பகுதிகளில் தேன்கூடு வைக்கவும், மூலிகையும் கூடை முடையும் கொடியும் சேகரிக்கவும் கிராமங்களுடன் உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. வேட்டை மட்டும் முற்றாகத் தடுக்கப்பட்டது.

பணத்தைப் பொறுத்தவரையில் இரு வழிகள் வகுக்கப்பட்டன. முதலாவது, 1994 இல் நிறுவப்பட்ட நம்பிக்கைப் பொறுப்பு நிதியமாகும். புவின்டிக்கும் அயலிலுள்ள முகாகிங்கா பூங்காவுக்கும் பொதுவான இந்நிதியத்துக்கு, உலக வங்கியினூடாக உலகச் சுற்றாடல் வசதி ஏறத்தாழ 40 இலட்சம் டொலர் வழங்கியது. இம்மூலதனத்தைச் செலவிடாது வெளிநாட்டில் முதலீடு செய்து, அதன் வருவாயை மட்டும் பயன்படுத்துவதே திட்டமாகும். வருவாயில் 60 வீதம் கிராம அபிவிருத்திக்கும், 20 வீதம் ஆய்வுக்கும், எஞ்சிய 20 வீதம் பூங்கா முகாமைக்கும் எனப் பங்கிடப்பட்டது. நன்கொடையாளரின் திட்டங்கள் சில ஆண்டுகளில் முடிந்துவிடுவன. காட்டின் தேவைக்கோ முடிவில்லை. இம்முரண்பாட்டுக்கு விடையாகவே இவ்வேற்பாடு தோன்றியது எனலாம்.

இரண்டாவது வழி உல்லாசப் பிரயாணத்துறையாகும். கொரில்லாக்களைக் காண வருவோருக்கு 1993 இல் புவின்டி திறந்துவிடப்பட்டது. 1996 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டம், பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 வீதத்தை அயலிலுள்ள மக்களுக்காக உள்ளூராட்சி மன்றங்களிடம் கையளிக்க வகைசெய்தது. கொரில்லா அனுமதிச்சீட்டின் விலை காலப்போக்கில் பெரிதும் உயர்ந்தது. 2024 இல் வெளிநாட்டவருக்கு அது 800 டொலராக்கப்பட்டது. ஆயினும் இவ்வருமானம் எளிதில் தடைப்படக்கூடியது. 1999 மார்ச்சில் எல்லை கடந்து வந்த ஆயுதக் குழுவினர் புகோமாவில் எட்டு வெளிநாட்டுப் பயணிகளைக் கொன்றபோது, வருகை திடீரெனக் குன்றியது. 2020 இல் கொள்ளைநோய் காரணமாகப் பூங்கா மூடப்பட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில், சிறு விலங்கு வேட்டைக்குச் சென்ற ஒருவரின் ஈட்டிக்கு ரபிக்கி என்னும் ஆண் கொரில்லா பலியாகியது. பயணிகளையே நம்பியிருக்கும் பாதுகாப்பின் பலவீனத்தை இந்நிகழ்ச்சிகள் புலப்படுத்தின.

இத்திட்டங்கள் யாவற்றிலும் கடைசியாகவே இடம்பெற்றோர் பட்வா மக்களாவர். காட்டினுள் வேட்டையாடியும் கிழங்ககழ்ந்தும் தேனெடுத்தும் பன்னெடுங்காலமாக வாழ்ந்த இச்சிறு இனத்தவரிடம் நில உறுதி எதுவும் இருக்கவில்லை. ஆகவே, காட்டை இழந்தபோது நியாயமான நட்டஈடும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உடன்படிக்கைகள் உழவரின் தேவைகளைக் கருத்திற்கொண்டன; பட்வாவின் சீவனோபாயமாகிய வேட்டையோ தடைசெய்யப்பட்ட ஒன்று. கிராமங்களுக்குக் கிடைத்த பாடசாலைக் கட்டிடங்களும் மருந்தகங்களும் நிலையான குடியிருப்பு உள்ளோருக்கே முதலில் பயன்பட்டன. நிதியம் பட்வாக் குடும்பங்கள் சிலவற்றுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தமை உண்மையே. ஆனால் காணியற்றோராக்கப்பட்ட பின்னர் அளிக்கப்பட்ட காணி, இழந்த காட்டுக்கு ஈடாகாது. 2021 ஓகஸ்டில் உகண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம், பட்வாவின் உரிமைகள் மீறப்பட்டதை ஏற்று, பரிகாரத்தை நிர்ணயிக்கும் பொறுப்பை மேல் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. பூங்கா பிரகடனம் செய்யப்பட்டு அப்போது முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

கொரில்லாக்களைப் பொறுத்தவரையில் புவின்டியின் திட்டம் பலனளித்துள்ளது. 1997 இல் ஏறத்தாழ 300 ஆகவிருந்த அவற்றின் தொகை, 2018 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், எல்லைக்கு அப்பாலுள்ள சரம்புவே காட்டையும் சேர்த்து, 459 ஆக உயர்ந்திருந்தது. அழிவின் விளிம்பிலிருந்த ஓர் உயிரினம் பெருகியமை சிறிய சாதனையன்று. ஆயினும் அச்சாதனைக்கான செலவைப் பதிவுசெய்யும் வரலாற்று மாணவன், நன்கொடையாளர் அளித்த டொலர்களோடு பட்வா மக்கள் இழந்த வாழ்வையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும். தீ மூட்டக்கூடிய வலிமையுடையோரின் குரல் திட்டமிட்டோரின் செவிக்கு எட்டியது. அவ்வலிமையற்றோரின் குரலுக்கு நீதிமன்றத்தின் தீர்ப்புக் கிடைக்கவே மூன்று தசாப்தங்கள் தேவைப்பட்டன. காடொன்றைக் காக்கத் திட்டமிடுவோர், அதில் ஏற்கெனவே வாழ்வோரை எல்லை வரையும் முன்னரே கணக்கிலெடுத்தல் வேண்டும் என்பதே புவின்டியின் வரலாறு தரும் படிப்பினையாகும்.