கணக்கில் சேராத எடை

மட்டாஞ்சேரியில் நான் தங்கியிருக்கும் பழைய வீட்டுக்கு மரப்படிகள் பதினெட்டு. ஆய்வின் மூன்றாம் ஆண்டில், உடல் எடை 14 கிலோ கூடியிருந்த நிலையில், பத்தாம் படியிலேயே மூச்சு வாங்கியது. நுரையீரல் சோதனையில் ஊதிப் பார்த்தேன். 'இயல்பு' என்று வந்தது. இருக்கவேண்டிய அளவை வயது, பால், உயரம், இனம் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கிறார்கள். எடைக்கு அதில் இடமில்லை.

தொடக்கம் அப்படியன்று. 1846இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன், நீரில் கவிழ்த்த கலத்தை மூச்சுக்காற்றால் உயர்த்தும் கருவியொன்றைக் கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்து வெளியிட்டார். மாலுமிகள், காவலர், தீயணைப்போர், மல்லர், வறியோர் எனப் பலரும் அதில் இருந்தனர். உயரம் ஓர் அங்குலம் கூடினால் கொள்ளளவு 8 கன அங்குலம் கூடும் என்றார். மிகை எடை அதைக் குறைக்கும் என்பதையும் அப்போதே எழுதிவிட்டார். ஆயுள் காப்பீட்டுக்கு ஆள் தேர்வதில் இக்கருவி பயன்படும் என்பது அவர் எண்ணம்.

அவர் சூட்டிய 'வைட்டல் கெபாசிட்டி' என்னும் பெயரை 'உயிர்ப்புக் கொள்ளளவு' என்கிறோம். மொழியியல் மாணவனுக்கு இது மூலத்தினும் பொருத்தமாகப் படுகிறது. தமிழில் உயிர்த்தல் என்றாலே மூச்சுவிடுதல்தான். இங்கே கொச்சியில் உயிர்ப்பு என்றால் ஈஸ்டர்!

பிற்காலச் சூத்திரங்கள் எடையை விட்டதற்கும் நியாயம் உண்டு. சேர்த்தால் பருமனின் பாதிப்பே இயல்பாகிவிடும். ஆனால் பாதிப்பு முதலில் தோன்றுவது வேறிடத்தில். இயல்பாக மூச்சை விட்டபின்னும் முயன்றால் வெளியேற்றக்கூடிய காற்றை ஹட்சின்சன் 'சேமக்காற்று' என்ற பொருளில் தனியே பிரித்திருந்தார். வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளும்போது சுருங்குவது அதுவே. உடல் நிறை எண் 20 உள்ளவரோடு ஒப்பிட்டால் 30 உள்ளவரிடம் அது 47 விழுக்காடுதான் என்று 2006இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மொத்தக் கொள்ளளவோ பெரும்பாலும் இயல்பின் எல்லைக்குள்ளேயே நிற்கும். ஆகவே இளைஞர் ஒருவர் வேகமாக ஊதினால் குறையேதும் தெரியாமல் போகலாம். எடை குறைந்தால் சேமக்காற்று மீளவும் கூடும்.

இனத்தைக் கணக்கில் கொள்ளும் வழக்கத்தைக் கைவிடுமாறு அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் பரிந்துரைத்ததே 2023இல்தான். என் அறிக்கையில் இனத்துக்குரிய கட்டம் நிரப்பப்பட்டிருந்தது. இடுப்புச் சுற்றளவுக்குக் கட்டமே இல்லை.