நாடு என்னும் பழஞ்சொல்: கொல்லிமலையில் ஒரு பகல்

வரலாற்றை ஏட்டில் பயில்வது ஒன்று. நிலத்தில் பயில்வது மற்றொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகும்போதுதான் பழமை நமக்குத் தெளிவுறும். காலையில் புறப்பட்டு மாலையில் மீளத்தக்க தொலைவிலேயே அத்தகைய பயிற்சிக்களம் நாமக்கல் வட்டார மக்களுக்கு வாய்த்திருக்கிறது. அது கொல்லிமலை.

எங்கள் பயணம் நாமக்கல் குன்றின் அடியில் தொடங்கியது. இங்குள்ள குடைவரைகளை எடுப்பித்தவன் குணசீலன் என்னும் அதியர்குல அரசன். கி.பி. 8ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் இவற்றுள் ஒன்றை அதன் கல்வெட்டு ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்று குறிக்கிறது. சங்க காலத்தில் தகடூரை ஆண்ட அதியர் பெயர் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மறையாதிருந்தமைக்கு இப்பாறை சான்று.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி ஆகிய ஊர்களைக் கடந்து காரவள்ளியை அடைந்தோம். அங்கிருந்து மலைப்பாதை. 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் சமவெளி சற்றே கீழிறங்கிப்போகிறது. மேலே சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் அன்னாசியும் மிளகும் வாழைத்தாரும் குவிந்திருந்தன. சுமைகூலிக்காரர் சிலர் முன்னாளில் தம் முன்னோர் இச்சுமைகளைத் தலையில் வைத்து ஒற்றையடிப் பாதையில் இறங்கியதைச் சொல்லக் கேட்டோம்.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். எய்த ஓர் அம்பு யானை முதல் உடும்பு ஈறாக ஐந்து விலங்குகளை ஊடுருவியது என்பது அவர் காட்டும் காட்சி. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என்பது அகநானூற்றுச் செய்தி. ஆடி 17, 18 நாள்களில் அரசு எடுக்கும் விழாவால் ஓரியின் பெயர் இன்றும் மக்கள் நாவில் வாழ்கிறது.

ஆனால் அன்று எம்மை மிகவும் ஈர்த்தது மன்னன் பெயரன்று, ஒரு சொல்லே. வழிநெடுக ஊராட்சிப் பலகைகளில் வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, தேவனூர் நாடு, வளப்பூர் நாடு என்று படித்துக்கொண்டே சென்றோம். கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் ‘நாடு’ என்றே முடிகின்றன. சோழர் காலத்தில் நாடு என்பது பல ஊர்கள் அடங்கிய தொகுதி. நிலவரியும் பொதுக்காரியமும் அதனைச் சார்ந்திருந்தன. அதன் தலைமக்கள் நாட்டார் எனப்பட்டனர். 1973இல் வெளிவந்த எ. சுப்பராயலுவின் ஆய்வு சோழமண்டலத்து நாடுகளைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு வரைந்து காட்டியது. சமவெளியில் அவ்வாறு கல்வெட்டில் தேடிக் காணவேண்டிய அலகு இம்மலையில் ஊர்ப்பலகையில் இருக்கிறது. இன்றைய 14 நாடுகளும் சோழர் காலத்தில் இதே எல்லையோடு இருந்தன என்று துணிதல் ஆகாது. எனினும் சொல் பழையது. பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்னும் மரபுத் தலைமையும் அதனோடு தொடர்ந்து வந்துள்ளது.

இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழே. கேரளத்தோடு அவர்க்குத் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை என்னும் மலைகளுக்குப் பிரிந்து சென்றனர் என்பது அவர்தம் வாய்மொழி மரபு.

வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் கோயிலைக் கண்டோம். தேவாரத்தில் வைப்புத்தலமாகக் குறிக்கப்பெற்றது இது. உத்தம சோழனின் அன்னையாகிய செம்பியன் மாதேவியார் கொடையளித்த செய்தியைக் கல்வெட்டால் அறிகிறோம். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இவ்விறைவனை முன்னிலைப்படுத்திப் பாடப்பெற்றதே. காவிரிக்கரைப் பேரரசி ஒருவரின் கொடை, சாலையில்லாத காலத்தில் இம்மேட்டை எட்டியதென்றால், மலையும் சமவெளியும் அந்நாளில் அயலாக இருக்கவில்லை என்பது புலனாகும்.

இன்றும் அத்தொடர்பு உண்டு; அதன் தன்மைதான் வேறு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மேட்டுநிலங்கள் பலவற்றில் மரவள்ளி நிற்கிறது. சேலம், நாமக்கல் பகுதிச் சேகோ ஆலைகளை நோக்கிக் கிழங்கு இறங்குகிறது. கைக்குக் காசு வருகிறது. அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு தானியம் வயலைவிட்டு நீங்கினால் அதன் விதைப்பாடலும் அறுவடைச் சொல்லும் உடன் நீங்குகின்றன. கிழங்கு விளைந்த காட்டின் ஓரத்தில் நின்ற மூதாட்டி ஒருவர் தம் நாட்டின் எல்லைகளை ஓடை, பாறை, மரம் என்று பெயர்சொல்லி விரல்விட்டு எண்ணினார். அருகிருந்த பேரனுக்கு அவற்றுள் இரண்டே தெரிந்தன.

ஸ்பெயின் நாட்டுக் கட்டலோனியாவில் ஊர்களை இணைத்த ‘கொமார்க்கா’ என்னும் வட்டாரப் பிரிவுகள் 1936இல் அரசு அலகுகளாயின. பிராங்கோ ஆட்சியில் நீக்கப்பட்டு, 1987இல் மீண்டும் சட்டம் பெற்றன. மக்கள் நினைவில் இருந்ததனாலேயே அவை மீண்டன. நம் நாடுகளுக்குச் சட்டப் பெயர் இருக்கிறது, நினைவுதான் தேய்கிறது.

மாலையில் 70 வளைவுகளையும் இறங்கினோம். இலக்கிய அன்பர்கள் ஆண்டுக்கு ஒரு நாடாகச் சென்று, முதியோர் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதிவைத்தால் 14 ஆண்டுகளில் இம்மலையின் வரலாறு முழுமை பெறும். அந்த மூதாட்டி எண்ணிய எல்லைகளை அன்றிரவே குறித்துவைத்தேன். முதல் நாட்டுக்கு அது தொடக்கமாகட்டும்.