சோறுண்ணும் ஊனுண்ணி



நாய் ஊனுண்ணும் விலங்கு என்று பல்லாண்டு காலம் வகுப்பிலே கற்பித்தவன் நான். கண்டிக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டத்துச் சிறுவன் ஒருவன் ஒருநாள் எழுந்து, "ஐயா, எங்கள் லயத்து நாய்க்கு ரொட்டியும் சோறும் பருப்புந்தான் கொடுக்கிறோம். இறைச்சி வாங்க வசதியில்லை. நாங்கள் அதற்குத் தீங்கு செய்கிறோமா?" என்று வினவினான். தன் வீட்டு வறுமையையே குற்றமாக எண்ணி நின்ற அப்பிள்ளைக்கு உடனே விடைகூற என்னால் இயலவில்லை. சரித்திரத்தின் துணையை நாடினேன்.

மகாவம்சக் கதையிலே, விசயனும் தோழரும் இலங்கைக் கரையில் இறங்கியபோது இயக்கியொருத்தி பெண்நாய் வடிவில் தோன்றுகின்றாள். இளவரசன் தடுத்தும், தோழன் ஒருவன் அந்நாயைப் பின்தொடர்கின்றான். நாய் உள்ள இடத்தில் ஊரும் இருக்கும் என்பது அவன் துணிபு. இதனை வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. எனினும், அக்கதையை எழுதியவர் காலத்திலேயே நாய் ஊரோடு ஒட்டிய உயிராகக் கருதப்பட்டமை தெளிவு.

ஊரோடு ஒட்டிய உயிர் எதனை உண்ணும்? ஊரார் உண்டு எஞ்சியதையே உண்ணும். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்த என்னும் ஊரிலும் வாழ்ந்தவர். 1681இல் வெளிவந்த அவரது நூல், இம்மலைநாட்டாரின் முதன்மை உணவு சோறே என்றும், ஊன் சிறிதளவே உண்ணப்பட்டதென்றும் காட்டுகின்றது. எசமானுக்கே அரிதான ஊன் நாய்க்கு எங்ஙனம் நாடோறும் கிடைத்திருக்கும்?

இவ்வூகத்திற்கு விஞ்ஞானமும் சான்று பகர்கின்றது. 2013இல் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மாப்பொருளைச் செரிக்கச்செய்யும் நொதியத்திற்குரிய பரம்பரையலகு ஓநாயில் 2 பிரதிகளாகவே இருக்க, நாய்களில் 4 முதல் 30 வரை காணப்பட்டது. பயிர்த்தொழில் செய்யாத மக்களோடு வாழ்ந்த அவுஸ்திரேலிய டிங்கோ நாயிலோ ஓநாயைப்போல் 2 பிரதிகளே உள. மனிதனின் ஏர்முனை நாயின் குடலையும் மாற்றிவிட்டது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆயினும், எதைக் கொடுத்தாலும் நாய்க்கு ஆகும் என்பதன்று. கோரைப்பல்லும் வேட்டைக் குணமும் இன்றும் அதனிடம் உள்ளன. வெறுஞ்சோறு மட்டும் அதற்குப் போதாது. குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் புரதம் மிகுதியாக வேண்டும். பருப்போடு இயன்றபோது முட்டையோ அவித்த மீனோ சேர்த்தல் நன்று. வெங்காயமிட்ட கறியும், முந்திரிகைப் பழமும், சொக்கலேற்றும் அதற்கு நஞ்சாகும்.

"நீ தீங்கு செய்யவில்லை, தம்பி, வெங்காயக் கறியை மட்டும் விலக்கு" என்று அச்சிறுவனிடம் கூறினேன். என் பாடத்தையும் திருத்திக்கொண்டேன்: நாய் ஊனுண்ணிக் குலத்திற் பிறந்தது, மனிதனோடு ஒரே அடுப்பைப் பகிர்ந்து அனைத்துமுண்ணி ஆயிற்று. நம் வறுமையிலும் பங்குகொண்ட அவ்வுயிருக்கு, நம் நல்லுணவிலும் ஒரு பங்கு உரியதன்றோ?