பதினைந்து சுமைகாரர்

"இலங்கைக்கு வந்த மொறொக்கோ நாட்டுப் பயணி யார்?" என்பது நமது பாடசாலைப் பொது அறிவுப் போட்டிகளுக்குப் பழகிப்போன வினா. "இப்னு பதூதா" என்பான் மாணவன். எந்த ஆண்டு? 1344. எங்கே இறங்கினார்? புத்தளத்தில். மூன்று விடைகளுக்கும் புள்ளிகள் கிடைத்துவிடும். அடுத்த வினாவிற்குச் சென்றுவிடுவோம். புத்தளக் கரையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையும் தன் ஊரைப்பற்றி இதற்குமேல் அறியாதிருப்பதுண்டு. பெயரையும் ஆண்டையும் மனனம் செய்வதுதான் அறிவா என்பதை ஆசிரியராகிய நாம் சிந்தித்தல் வேண்டும்.

மாலைதீவிலிருந்து தமிழகக் கரையை நோக்கிப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் வழிதவறி இக்கரையை அடைந்தது. அப்போது இப்பகுதி ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. மரமதில் சூழ்ந்த பட்டினத்தையும், வெள்ளம் அடித்துக் கொணர்ந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்ததையும் அவர் வருணிக்கிறார். எதிர்க்கரை நாட்டார் அம்மரங்களை விலையின்றி எடுத்துச் சென்றனர். ஈடாக மன்னனுக்குத் துணி முதலியவற்றை வழங்கினர். பாவா ஆதம் மலையைக் காண விரும்பிய பயணிக்கு மன்னன் பல்லக்குக் கொடுத்தான். அதனைத் தோளிற் சுமந்தவர் அடிமைகள். நான்கு யோகியர், மூன்று பிராமணர், பரிவாரத்தார் பத்துப்பேர் ஆகியோர் உடன் சென்றனர். உணவுப் பொருள்களைச் சுமக்கப் பதினைந்து பேர் பின்தொடர்ந்தனர்.

முஸ்லிம் பயணி ஒருவரும் இந்து யோகியரும் ஒரே மலையை நோக்கி ஒரே பாதையில் நடந்தனர் என்பது இன்றைய இலங்கை கற்கவேண்டிய பாடம். அப்பதினைந்து சுமைகாரர் இன்றி அப்பயணமே இல்லை என்பது அதனினும் பெரிய பாடம். பயண நூலில் அவர்களுக்கு எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. நமது வினாத்தாளிலோ அந்த எண்ணிக்கையும் இல்லை.

புவியியல் வினாக்களையும் பார்ப்போம். முதலாம் நூற்றாண்டு உரோம அறிஞர் பிளினி குறிப்பிடும் ஹிப்புரோஸ் துறைமுகம், புத்தளத்துக்கு வடக்கேயுள்ள குதிரைமலையே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. இச்செய்தி நமக்கு மகிழ்ச்சியளிக்கலாம். ஆனால் ஊர்ப்பெயரின் பழமையைப் போற்றும் நாம், அக்கரையில் மொழிக்கு நேர்ந்ததைக் கேட்பதில்லை. சிலாபம் முதல் நீர்கொழும்பு வரை தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல, பள்ளிக்கூட மொழியும் கோயில் மொழியும் சிங்களமாக மாறியபின், இரண்டொரு தலைமுறையில் சிங்களம் பேசலாயின. உடப்பிலோ தமிழ் நிலைத்து நிற்கிறது. மொழியின் வாழ்வைப் பழம்பெருமை காப்பதில்லை; பிள்ளை எந்த மொழியிற் கற்கிறது என்பதே அதனை முடிவுசெய்கிறது.

இசைக்கும் இதுவே கதை. பைலாவைப் பரப்பியவர் யார் என்றால் வொலி பஸ்டியன்ஸ் என்பது விடை, விடை சரியே. ஆனால் பைலாவின் ஊற்றுக்களில் ஒன்று, ஐரோப்பியர் தம் படைக்கும் ஏவலுக்குமாகக் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களின் தாளம். அவர்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில் வாழ்கின்றனர். போர்த்துக்கேயக் கிரியோல் மொழியிலமைந்த மாஞ்ஞாப் பாடல்களை அவர்கள் பாதுகாத்து வந்துள்ளனர். இன்று பைலாவின் துள்ளல் விளம்பரங்களில் பொருள் விற்க உதவுகிறது. அத்தாளத்தைச் சுமந்து வந்தவரை விளம்பரம் சொல்வதில்லை. 1952-இல் இலங்கை வானொலியில் தொடங்கிய இந்திப் பாடல் நிகழ்ச்சி, பினாக்கா என்னும் பற்பசையின் பெயராலேயே இந்தியாவெங்கும் புகழ்பெற்றது. பணம் கொடுத்தவன் பெயர் நிலைத்துவிடுகிறது. கடையில் வாங்கும் உப்புப் பொதியிலும் வணிகப் பெயர் இருக்கும். புத்தளத்து உப்பளத்தில் வெயிலிற் கால் வெந்தவர் பெயர் இராது.

அண்மைக்கால வரலாறும் இக்கரையில் எழுதப்பட்டுள்ளது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினர். அவர்களுட் பெரும்பாலோர் வந்தடைந்தது புத்தளம் மாவட்டத்தையே. தமிழே தாய்மொழியான மக்கள், தமிழின் பெயரால் நடந்த போராட்டத்தினாலேயே வீடிழந்து, கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்தனர். பொது அறிவு நூல்கள் இதனை வினாவாக்கத் தயங்குகின்றன. ஒரு வரியில் விடையளித்து நகர்ந்துவிட முடியாத வினா அல்லவா!

பொது அறிவைத் தொகுப்பதே பயனற்றது என்பது நம் கருத்தன்று. 1807-இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமது இருபத்தேழாம் வயதில், 1834-இல், "சிலோன் கசற்றியர்" என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். அதில் ஊர்களும் ஆறுகளும் மட்டுமல்லாமல், அவ்வூர்களில் வாழ்ந்த மக்களும் அவர்தம் தொழில்களும் வழக்கங்களும் இடம்பெற்றன. 1859-இல் வெளிவந்த அவரது "தமிழ் புளூட்டாக்" தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தது. தகவல் திரட்டிய அக்கரை மைந்தர், தகவலை மனிதரிடமிருந்து பிரித்துவிடவில்லை.

அவர் வழியில் நாமும் ஒவ்வொரு வினாவோடும் இன்னொரு வினாவைச் சேர்த்தல் வேண்டும். கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் கட்டினர் என்று மாணவன் கூறினால், அதற்குக் கல் சுமந்தவர் யார் என்று கேட்போம். உப்பு எங்கே விளைகிறது என்று கேட்டபின், அங்கே ஒருநாட் கூலி எவ்வளவு என்றும் கேட்போம். இரண்டாவது வினாவிற்கு விடை தேடும் பிள்ளை, புத்தகத்தை மூடிவைத்து உப்பளத்திற்குச் செல்லட்டும். தன் ஊரின் வரலாற்றை அங்குள்ளவர் வாயிலாகக் கேட்கட்டும்.