பி செல்லின் 'பி'

ஆன்டிபாடி எனும் நோயெதிர்ப்புப் புரதத்தை உருவாக்கும் பி செல்லில் உள்ள 'பி' எதைக் குறிக்கிறது என்று கேட்டால், 'போன் மேரோ', அதாவது எலும்பு மஜ்ஜை என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அந்த எழுத்து பிறந்ததோ கோழியின் வாலடியில்.

கோழியின் எச்சத் துவாரத்துக்கு மேலே, குடலை ஒட்டி ஒரு சின்னப் பை உண்டு. குஞ்சுப் பருவத்தில் வளர்ந்து, பருவமடைந்ததும் சுருங்கிவிடும். வில்லியம் ஹார்விக்குப் பாடம் சொன்ன பதுவா நகரத்து ஃபேப்ரீசியஸ் இதை ஒரு நூலில் விவரித்தார். அந்த நூல் அவர் இறந்த பிறகு 1621-இல் அச்சானது. இந்தப் பையின் பெயர் 'பர்சா'; லத்தீனில் அதற்குப் பை என்றே பொருள். அதற்கு மூலம் தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நம் கையிலுள்ள 'பர்ஸ்' அதன் உறவுதான். இந்தப் பையின் வேலை என்னவென்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடிபடவில்லை.

1950-களில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் குஞ்சுகளின் பர்சாவை அறுத்தெடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் ஆன்டிபாடி உருவாவதைச் செய்து காட்ட, சக மாணவர் திமோத்தி சாங் அவரிடம் கோழி வாங்கிப் போய்ச் சால்மொனெல்லா ஊசி போட்டார். பர்சா இல்லாத கோழிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டிபாடியே உண்டாகவில்லை. 'சயன்ஸ்' இதழ் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரையை 1956-இல் 'பவுல்ட்ரி சயன்ஸ்' வெளியிட்டது. நோயெதிர்ப்பியலின் அடித்தளக் கல் ஒன்று கோழி வளர்ப்பு இதழில் கிடந்தது! 1965-இல் ஆய்வாளர்கள் கூப்பர், குட் இருவரும் கோழியில் இரு வகை நோயெதிர்ப்புச் செல்களைப் பிரித்துக் காட்டினார்கள். தைமஸ் சுரப்பியில் முதிர்பவற்றுக்கு 'டி', பர்சாவில் முதிர்பவற்றுக்கு 'பி' என்ற பெயர்கள் 1969-இல் முன்மொழியப்பட்டன.

ஆனால் மனிதருக்குப் பர்சா கிடையாது. மஜ்ஜையே அந்த வேலையைச் செய்கிறது என்பது 1970-களின் நடுவில் தெளிவானது. அதுவும் 'பி'யில் தொடங்கியதால் எழுத்து பிழைத்தது, கோழி மறந்துபோனது. பாடப்புத்தகங்கள் அந்தக் கோழியை விடக் கூடாது என்பேன்.

கீமோ மருந்தான சைக்ளோபாஸ்பமைடும் இந்தக் கதையில் உண்டு. முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த குஞ்சுக்கு அதைக் கொடுத்தால், கத்தி இல்லாமலே பர்சாவின் செல்கள் அழிந்துவிடும். எலிக்குக் கொடுத்தால் மண்ணீரலில் பி செல்கள் திரண்டிருக்கும் இடங்கள் வெறிச்சோடும். அங்கே மீட்சி தொடங்குவது மஜ்ஜையிலிருந்து: புதுச் செல்கள் அரைகுறைப் பக்குவத்தில் ரத்தம் வழியே வந்து, மண்ணீரலில் முதிர்ந்து, காலி இடங்களை நிரப்புகின்றன. மனிதருக்கு இதற்கு மாதங்கள் பிடிக்கலாம். தைமஸ் வயதோடு சுருங்குவதால், பெரியவர்களுக்கு டி செல்களில் சில வகை இன்னும் மெதுவாகவே திரும்பும். கீமோ முடிந்து மூன்று மாதமாவது போகட்டும் என்று மருத்துவர்கள் பல தடுப்பூசிகளைத் தள்ளிப்போடுவது இதனால்தான்.