நனவோடையில் நனவு எங்கே?

நாவலைப் பாடமாகப் படிக்கிறவர்கள் உவமையையும் குறியீட்டையும் ஓரளவு சரியாகவே அடையாளம் காண்கிறார்கள். அவர்கள் அடிக்கடி இடறுவது நனவோடையில்தான். ஒரு பாத்திரம் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் இளமைக் காலத்தை நினைத்துப் பார்த்தால் போதும், “இங்கே ஆசிரியர் நனவோடை உத்தியைக் கையாள்கிறார்” என்று விடைத்தாளில் எழுதிவிடுகிறார்கள். சிலர் அந்தச் சொல்லையே ‘நினைவோடை’ என்று எழுதுகிறார்கள். இதை எழுத்துப்பிழை என்று சுழித்துவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. காது தவறாகக் கேட்ட ஒரு சொல், உத்தியையே தவறாகப் புரிய வைத்திருக்கிறது.

நனவு பழைய சொல். கனவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது. திருக்குறளில் ‘கனவுநிலை உரைத்தல்’ என்னும் 122ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். நனவில் வந்து அன்பு காட்டாதவன் கனவில் வருகிறான். நனவு என்று ஒன்று இல்லாதிருந்தால் கனவில் வந்தவன் பிரியவே மாட்டான் என்று தலைவி ஏங்குகிறாள். அங்கே நனவு என்பது விழித்திருக்கும் நிலை, கண்முன் நடக்கும் மெய். கடந்த காலம் என்ற பொருள் அதில் துளியும் இல்லை. இன்னும் பின்னே போனால் தொல்காப்பிய உரியியல், நனவு என்னும் சொல்லுக்குக் களம், அகலம் என இரண்டு பொருள் சொல்கிறது. சங்கப் பாடல்களில் வரும் ‘நனந்தலை’ என்றால் அகன்ற இடம். விழிப்பைக் குறிக்கும் நனவும் அகலத்தைக் குறிக்கும் நனவும் ஒரே வேரில் கிளைத்தவையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் பலவும் வந்து நிற்கும் விழித்த மனத்துக்கு இந்த இரண்டு பொருளும் எவ்வளவு பொருந்துகின்றன!

ஓடை வந்த வழி வேறு. அது உளவியலிலிருந்து வந்தது. 1855இல் அலெக்சாண்டர் பெயின் என்ற ஸ்காட்லாந்துச் சிந்தனையாளர் புலன்களையும் அறிவையும் பற்றி எழுதிய நூலில் நனவை ஓர் ஓட்டமாகக் குறித்தார். அதை நிலைநாட்டியவர் அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ். 1890இல் வெளிவந்த அவருடைய உளவியல் பெருநூலில் ‘எண்ணத்தின் ஓட்டம்’ என்றே ஓர் இயல் உண்டு. 1892இல் அதைச் சுருக்கி எழுதியபோது ‘எண்ணம்’ போய் ‘நனவு’ தலைப்பில் ஏறியது. எண்ணங்களைச் சங்கிலி என்றோ தொடர்வண்டி என்றோ சொல்வது அவருக்கு ஒப்பவில்லை. சங்கிலிக்குக் கண்ணிகள் உண்டு, வண்டிக்குப் பெட்டிகள் உண்டு. மனத்துக்கு அப்படி மூட்டுகள் இல்லை, அது ஓடுகிறது என்றார்.

இலக்கியத்துக்குள் இந்தப் பெயரை அழைத்து வந்தவர் ஒரு பெண். நாவலாசிரியையான மே சின்க்ளேர் 1918 ஏப்ரலில் ‘தி ஈகோயிஸ்ட்’ இதழில் டாரதி ரிச்சர்ட்சனின் நாவல் வரிசையைப் பற்றி எழுதும்போது ஜேம்ஸின் சொல்லை எடுத்தாண்டார். மிரியம் என்ற இளம்பெண்ணின் மனத்தை விட்டு ஒரு வரிகூட வெளியே போகாத நாவல்கள் அவை. பாராட்டாக வந்த அந்தப் பெயர் ரிச்சர்ட்சனுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. பெயருக்கு முன்பே உத்தி பிறந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பாரிஸில் ஒரு மாலைப்பொழுதை ஓர் இளைஞனின் மனத்துக்குள்ளிருந்தே சொல்லும் சிறு நாவலை எடுவார் துஜார்தென் 1887இலேயே தொடராக எழுதியிருந்தார். பின்னாளில் ‘யுலிசிஸ்’ எழுதிய ஜேம்ஸ் ஜாய்ஸ் தமக்கு வழி காட்டியவர் என்று வெளிப்படையாகச் சொன்னது இவரைத்தான்.

தமிழுக்கு வந்தபோது இந்தக் கருத்து பல பெயர்களில் உலவியது. மனவோட்டம், நினைவோட்டம், பிரக்ஞை ஓட்டம் என்றெல்லாம் எழுதினார்கள். ‘பிரக்ஞை’ என்ற சொல் சிற்றிதழ் வாசகர்களைத் தாண்டிப் பரவவில்லை. ‘மனவோட்டம்’ எந்த யோசனைக்கும் பொருந்திவிடும். ‘நினைவோட்டம்’ பழைய ஞாபகத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ஃபிராய்டைப் பற்றி எழுதியவர்கள் ‘நனவிலி மனம்’ என்று சொல்லிப் பழக்கியிருந்ததால் நனவு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஓர் உளவியல் எடை இருந்தது. அந்த எடையோடு வந்த ‘நனவோடை’ பாடநூல் வரை வேர்பிடித்தது. சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். கவனிக்க வேண்டிய பாதி, அதன் முன்பாதி.

ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். “முன்னால் நின்றவரின் செருப்பைப் பார்த்ததும் அவளுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. ஐந்து வருடங்களுக்கு முன், ஆஸ்பத்திரியில் அவர் சேர்க்கப்பட்ட அன்று நல்ல மழை” என்று கதை பின்னால் போனால் அது பின்னோக்கு உத்தி. வரிசை நின்றுவிடுகிறது, கதை ஆஸ்பத்திரிக்கு இடம் மாறுகிறது, முடிந்ததும் திரும்பி வருகிறது. இதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்: “பாமாயில் தீந்துருச்சா என்ன, போன மாசமும் இப்படித்தான், அந்தச் செருப்பு குதிகால் தேஞ்சு, அப்பா செருப்பும் ஒரு பக்கமாத்தான் தேயும், வராந்தாவுல அது மட்டும் கெடந்துச்சு, கார்டு எங்க, பையில இருக்கு, இன்னிக்காவது கைரேகை விழணும், பால்கார அண்ணனுக்குப் பாக்கி.” அப்பா வருகிறார், போகிறார். ஆனால் அவள் வரிசையை விட்டு நகரவில்லை. பாமாயிலும் கைரேகையும் இறந்துபோன அப்பாவும் ஒரே களத்தில், ஒரே விழிப்பில் நிற்கிறார்கள். இதுதான் நனவு. ஞாபகம் அதற்குள் ஒரு பகுதி, அவ்வளவே. ஏன் அப்பா நினைவு வந்தது என்று ஆசிரியர் நமக்கு எடுத்துச் சொல்வதும் இல்லை. செருப்பிலிருந்து வராந்தாவுக்குப் பாலம் போடுவது வாசிக்கிறவர் வேலை.

தமிழ் நாவல்களில் இந்தக் குழப்பம் கூடுவதற்குக் காரணம் உண்டு. சி.சு. செல்லப்பாவின் ‘ஜீவனாம்சம்’ இளம் விதவையான சாவித்திரியின் மனத்துக்குள் நடக்கிறது. அந்த மனமோ கடந்துபோன வாழ்வையே சுற்றிச் சுற்றி வருகிறது. லா.ச. ராமாமிர்தத்தின் ‘அபிதா’விலும் பழைய காதல்தான் உயிர். நகுலன் தம் நாவலுக்கு வைத்த பெயரே ‘நினைவுப் பாதை’. போதாததற்கு, சுந்தர ராமசாமி எழுத்தாளர்களைப் பற்றித் தம் ஞாபகத்திலிருந்து சொன்ன நூல்வரிசைக்கு ‘நினைவோடை’ என்று பெயர். நினைவுக் குறிப்புகளுக்கு அது பொருத்தமான பெயர்தான். ஆனால் நம்மிடையே நனவோடை என்றால் நினைவு என்று பதிந்துபோனதில் வியப்பில்லை. இந்த நாவல்களைப் படிக்கும்போது கேட்க வேண்டியது ‘பழசு வருகிறதா’ என்பதல்ல. பழசு வரும் அந்த நொடியில் பாத்திரம் எங்கே நிற்கிறது, கண்முன் இருக்கும் எது அதைத் தட்டி எழுப்பியது, எழுப்பிய பின் அந்தப் பொருள் பக்கத்தில் இன்னும் இருக்கிறதா என்பதுதான்.

ஓடை என்ற பின்பாதியும் வேறொரு பக்கம் இழுத்துவிடுகிறது. ஓடை என்றால் தடையில்லாமல் ஓடும், எனவே நிறுத்தற்குறி இருக்காது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ (1922) கடைசி இயலில், மோலி ப்ளூம் படுக்கையில் விழித்துக் கிடந்து நினைப்பதெல்லாம் எட்டே நெடும் வாக்கியங்களாக, காற்புள்ளி இல்லாமல் ஓடுவது பெரும்புகழ் பெற்றதே இதற்குக் காரணம். ஆனால் அதே நாவலில் அவள் கணவன் லியோபோல்டின் மனம் துண்டுதுண்டான குறுவாக்கியங்களில் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் முற்றுப்புள்ளியோடு. வர்ஜீனியா வுல்ஃப் 1925இல் வெளியிட்ட ‘மிஸஸ் டாலோவே’யில் ‘நான்’ என்ற தன்மை இடமும் இல்லை. ‘அவள்’ என்றே கதை நகர்கிறது, அரைப்புள்ளிகள் வரிக்கு வரி நிற்கின்றன. ஜூன் மாதக் காலையில் பூ வாங்கக் கிளம்பிய கிளாரிசா தெருவைக் கடக்கிறாள், இளமையில் வாழ்ந்த வீட்டின் கதவு திறக்கும் ஓசை கேட்கிறது, பிக் பென் மணி அடிக்கிறது, லண்டன் வாகனங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கதவோசையைப் பின்னோக்கு என்று குறித்த மாணவர், அடுத்த வரியில் அடிக்கும் மணியை எந்தத் தலைப்பில் சேர்ப்பார்?